ஒருவர் மட்டும் ஏறவும்

தாக் கில்சு வீடு திரும்பும்போது கையில் தின்பதற்கு ஏதோ வாங்கிக்கொண்டு போனார் என்று சொன்னால் ஹேசன் ஊர்ச் சந்தையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர் மனைவி ஒக்சுனே நம்பவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பொரித்த கோழியின் வாசனை அவரை முந்திக்கொண்டு உள்ளே வந்தது.

"என்ன இது, ஜினு அப்பா?"

"கோழி. பாத்தா தெரியல?"

"யாராவது செத்துட்டாங்களா?"

"வாடிப் போயிட்டியேன்னு வாங்கிட்டு வந்தா, கேக்கற கேள்வியைப் பாரு. சாப்பிடு, ஜினு அம்மா. சூடா இருக்கு."

மகன் ஜினு பட்டாளத்தில் இருந்தான். வீட்டில் இருந்தது இவர்கள் இருவரும் அந்தக் கோழியும்தான். ஒக்சுன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைக் கடித்தாள். மறுநாளும் கோழி வந்தது, பூண்டு போட்டது. அதற்கு மறுநாள் இனிப்பும் காரமும் கலந்த சிவப்புக் குழம்பு பூசியது. அவளுக்குப் பிடித்தது அதுதான். அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தபோது, அவள் மனம் வெட்கமில்லாமல் கொஞ்சம் இளகியது.

ஆனாலும் தொடவில்லை. சனிக்கிழமை எடை பார்க்கும் நாள்.

இந்த எடை விவகாரத்தைக் கொண்டுவந்தவர் ஊர்ச் சுகாதார நிலையத்தின் பிரிவு அதிகாரி பியோ. சாதாரணமாக மூச்சு விட்டாலே அதற்கு ஒரு திட்டப் பெயர் வைக்கிற மனிதர். ஆற்றோர மைதானத்தில் பெண்களுக்குச் செவ்வாய்தோறும் மாலை கால்பந்து என்று அவர் ஆரம்பித்தபோது, அதற்கு 'ஒளிரும் அன்னையர் உடல் பருமன் கட்டுப்பாட்டு எழுச்சித் திட்டம்' என்று பெயர் சூட்டினார். பேனரில் ஒரு பெண் சிரித்தாள். அவள் ஜென்மத்தில் ஒரு வேளை சோறு முழுதாகத் தின்றிருக்க மாட்டாள். அவளுக்குக் கீழே, 'மெலிந்த தாய், மகிழ்ந்த வீடு.'

முதல் நாள் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஏன் வந்தீர்கள் என்று பியோ ஒவ்வொருத்தியாகக் கேட்டார். இரண்டு பதில்கள்தான் செல்லும். எடை குறைக்க, அல்லது மன அழுத்தம் தீர. கருவாட்டுக் கடை மெங் அக்கா, "வீட்டுல டிவி ரிப்பேர்" என்றாள். பியோ அதை மன அழுத்தத்தில் சேர்த்துக்கொண்டார். ஒக்சுன், "எடை" என்றாள். தொடுகறிக் கடை வைத்திருப்பவள், நாள் முழுக்க ருசி பார்க்கிறவள். வேறு என்ன சொல்வாள்? அப்போது அவளுக்கே வேறு காரணம் தெரியாது.

தெரிந்தது சில வாரங்கள் கழித்து. காப்பீடு விற்கும் ஒரு பெண் பந்தோடு வந்தாள். ஒக்சுன் தோளைக் கொடுத்தாள். அந்தப் பெண் புல்லில் போய் விழுந்தாள். உடனே குனிந்து மன்னிப்புக் கேட்டு, கைகொடுத்துத் தூக்கி, தூசி தட்டிவிட வேண்டியதுதான் முறை. ஒக்சுன் வாயைத் திறந்தபோது மன்னிப்பு வரவில்லை, சிரிப்பு வந்தது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். பேருந்தில் இடத்தை, தட்டில் கடைசி மீன் துண்டை, சீட்டு விளையாட்டில்கூட நல்ல சீட்டை யாருக்காவது விட்டுக் கொடுத்தே பழகியவள், அன்று விட்டுக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தோள் வலித்தது. அந்த வலியை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

பயிற்சி கொடுத்தவள் தோஹீ. பள்ளி நாளில் மாநில அணிக்கு ஆடியவள், அணியிலேயே இளையவள். அவள் போட்ட முதல் சட்டம், கோட்டுக்குள்ளே வயது கிடையாது என்பது. "அக்கா, தயவுசெஞ்சு பந்தை இந்தப் பக்கம் குடுக்கறீங்களான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள எதிர் டீம்காரி கோல் போட்டுட்டுப் போயிடுவா. உள்ள வந்துட்டா எல்லாரும் வாடி போடிதான்." அறுபதைத் தாண்டிய மெங் அக்காவை, "ஏய் மெங், பிடி!" என்று முதன்முதலில் கூப்பிட்டபோது ஒக்சுனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை ஒட்டவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, எடையைத் தவிர. ஓடினார்கள், தொடை இறுகியது, பசித்தது, சாப்பிட்டார்கள். ஆட்டப் பருவத்தின் நடுவில் பியோ அவர்களை எடை பார்த்தபோது சராசரி ஏறியிருந்தது. அவர் கொண்டுவந்தது சுகாதார நிலையத்துப் பேசும் எடை இயந்திரம். தேன் குழைத்த பெண் குரலில் எடையைச் சொல்லும். மெங் அக்கா ஏறியபோது எடையைச் சொல்லவில்லை. "தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்" என்றது. ஒரு மனிதர் என்றால் இவ்வளவுதான் இருக்கலாம் என்று யாரோ அதற்குள் எழுதிவைத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மெங் அக்காவும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாக. அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஒக்சுன் கருவாட்டுக் கடைக்குப் போய், கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க அகலமான ஆள் வேண்டும் என்று திட்டித்தான் கூட்டிவந்தாள்.

பியோவின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. பருவக் கடைசிச் சனிக்கிழமை, மேயர் முன்னிலையில் இறுதி எடை, பிறகு ஊர் ஆண்களோடு ஒரு நட்பு ஆட்டம். குறைந்தால் மைதானம் அடுத்த ஆண்டும் அவர்களுக்கு. குறையாவிட்டால், "தகுதியுள்ள வேறு அமைப்புக்கு."

தகுதியுள்ள அமைப்பு எது என்று அவர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஒக்சுனுக்கே தெரிந்தது.

கடைக் குழாயில் நீர் ஒழுகியது. புது வாஷர் எடுக்கக் கணவரின் குழாய்ச் சாமான் கடைக்குப் போனாள். அவர் சாப்பிடப் போயிருந்தார். பிளாஸ்டிக் குழாய்களுக்குப் பின்னால் புதுத் துணி ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சாய வாசனை இன்னும் போகவில்லை. ஒரு முனையை விரித்தாள்.

'ஹேசன் விடியல் கால்பந்துக் கழகம். மாலைக் கிளைத் தொடக்க விழா. செவ்வாய்தோறும். தலைவர்: தாக் கில்சு.'

அவர் படம் பந்தைவிடப் பெரிதாக இருந்தது. வயிறு வரும் இடத்தில் பந்தை வைத்து மறைத்திருந்தார்கள். தேதி நாளைய தேதி.

ஒக்சுன் அந்தத் துணிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கோழி ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்தது. முதலில் சாதா. அப்புறம் பூண்டு. அப்புறம் சிவப்பு.

பசி இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. துணியைப் பழையபடியே சுருட்டி, அதே கோணத்தில் சாய்த்துவைத்தாள். வாஷரை எடுக்க மறந்துவிட்டாள்.

விடியல் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஞாயிறு விடியலில் அந்த ஆண்கள் மைதானத்துக்கு வருவார்கள். கொஞ்ச நேரம் பந்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பிறகு பன்றி எலும்புச் சூப்புக் கடைக்குப் போய், அரிசிக் கள்ளோடு மத்தியானம் வரை ஆட்டத்தை அலசுவார்கள். எதற்காக ஆடுகிறீர்கள் என்று கேட்டால் நட்பு, ஒற்றுமை, ஊர்ப் பெருமை என்பார்கள். அவர்களை யாரும் எடை பார்த்ததில்லை. பார்க்க நினைத்தால் அது அவமரியாதை. தாக்கின் முகவரி அட்டையில் கழகத் தலைவர் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். குழாய்க் கடை பின்பக்கத்தில்.

அன்று மாலையும் கோழி வந்தது. பாலாடைக்கட்டித் தூள் தூவியது.

ஒக்சுன் ஒரு காலை எடுத்தாள். தாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவருடைய சோற்றுக் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

"நீங்க சாப்பிடுங்க. நாளைக்கு உங்களுக்கும் ஆட்டம் இருக்கே."

"அது என்ன ஆட்டம், விளையாட்டுக்கு. உங்களோட சும்மா ஒரு நட்பு ஆட்டம்." அவர் சிரித்தார். "பயப்படாதே. மெதுவாத்தான் ஆடுவோம்."

"பயமில்ல."

"அப்போ ஏன் இப்பிடிப் பாக்கற?"

"கோழியைப் பாக்கறேன்."

தாக் மென்றுகொண்டே இருந்தார். எலும்பு கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

சனிக்கிழமை. பெண்கள் யாரும் முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தோஹீயின் உதடு வெடித்திருந்தது. மெங் அக்கா சுடுநீர்க் குளியலறையில் பாதி நாள் உட்கார்ந்து வேர்த்துவிட்டு வந்திருந்தாள். முகம் அவள் விற்கும் சரக்கைப் போலவே இருந்தது. ஒக்சுன் பெரிய தூக்கு நிறைய, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் கொண்டுவந்திருந்தாள், எடை முடிந்ததும் சாப்பிட. எள்ளெண்ணெய் வாசனை மூடியை மீறி வந்தது. எல்லாரும் அந்தத் தூக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

பியோ மைக்கைத் தட்டினார். "மேதகு மேயர் அவர்கள் தவிர்க்க இயலாத பணிகள் காரணமாகச் சற்றுத் தாமதமாக வருகை தருவார். ஆகவே நிகழ்ச்சி நிரலில் சிறு மாற்றம். நட்பு ஆட்டம் முதலில். எடை பிறகு."

"என்ன சார் இது!" தோஹீ எழுந்தாள். "யாரும் தண்ணி குடிக்கல. எப்பிடி ஓடறது?"

பியோ மைக்கை மூடிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ஓடினா வேர்க்கும்மா. வேர்த்தா எடை குறையும். உங்களுக்கு நல்லதுதானே?" பிறகு மைக்கைத் திறந்தார். "மேலும், மென்மையான பாலினத்தை ஊக்குவிக்கும் பொருட்டு, அன்னையர் அணி போடும் ஒவ்வொரு கோலும் இரண்டு கோலாகக் கணக்கிடப்படும்!"

ஆண்கள் கை தட்டினார்கள். அதில் தாக்தான் சத்தமாகத் தட்டினார்.

முதல் பாதியைச் சொல்லாமல் விடலாம். ஆண்கள் பந்தை உதைக்கவில்லை, பரிமாறினார்கள். "இந்தாங்கம்மா, எடுத்துக்கங்க" என்று காலடியில் உருட்டிவிட்டு, பெண்கள் எட்டுவதற்குள் இழுத்துக்கொண்டார்கள். மீன் ஏலக்காரர் ஒருவர் நடந்தே போய் ஒரு கோல் போட்டார். இரண்டாவதைத் தாக் போட்டார். மெங் அக்கா குனிந்தாள். பந்து கைக்கு வந்தது, கைதான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒக்சுனுக்குக் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. இடைவேளைக்குச் சற்று முன் தோஹீ மைதானத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை.

"பாவம், போதும்னு சொல்லுங்க" என்றார் தாக், நல்ல மனசோடு.

இடைவேளையில் பெண்கள் தூக்கைச் சுற்றிப் படுத்துக் கிடந்தார்கள். பலகையில் இரண்டு, பூஜ்யம். இயந்திரம் பந்தலுக்கடியில் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. மேயர் இன்னும் வரவில்லை.

ஒக்சுன் தூக்கின் மூடியைத் திறந்தாள்.

"ஏய், மூடு" என்றாள் மெங் அக்கா, கண்ணைத் திறக்காமல். "வாசனையே அரைக் கிலோ ஏறும்."

"சாப்பிடுங்க."

"உனக்குப் பைத்தியமா, ஜினு அம்மா? இன்னும் ஒரு மணி நேரம். ஏறி இறங்கிட்டா முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை நம்மது."

"நம்மது இல்லக்கா. பேனர் அடிச்சு வெச்சிருக்காங்க." அவள் பேனரைச் சொன்னாள். கோழியையும் சொன்னாள். கணவன் மானத்தை வெளியே விட்ட குற்றத்துக்குக் காது சுட்டது, ஆனாலும் சிவப்புக் குழம்பு வரை முழுதாகச் சொன்னாள்.

தோஹீதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்பிடின்னா இன்னும் மோசம் அக்கா. எடை குறைஞ்சா அவங்க பேனர் வீணாப் போகும். சாப்பிட்டா அவங்க சொன்னது சரின்னு ஆயிடும். மைதானம் போயிடும்."

அதுதான் நிஜம். ஒக்சுனுக்கும் அது தெரியும். இப்போது ஒரு வாய் போட்டால், ஊரார் முன்னால் பியோ ஏறிய எடையை வாசிப்பார். செவ்வாய்க்கிழமை இல்லாத வாரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாழ்க்கை முழுக்க அந்த வாரம்தானே.

"நீ எதுக்குடி இங்க வர்ற?" என்று மெங் அக்காவைக் கேட்டாள். கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். 'டி' போட்டது பிறகுதான் உறைத்தது.

மெங் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் பார்த்தாள். அங்கே தாக் இரண்டாவது கோலை எப்படிப் போட்டார் என்று கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார்.

"டிவி ரிப்பேர்னு சொன்னேன்ல, அது பொய்" என்றாள். "நல்லாத்தான் ஓடுது." ஒரு கிம்பாப்பை எடுத்து முழுதாக வாயில் போட்டாள். மென்றுகொண்டே, "தண்ணியை எடு. இந்தப் பயலுவ பரிமாறுனதைத் திருப்பிக் குடுத்துட்டு அப்பறம் தராசுல ஏறுவோம்" என்றாள்.

தூக்கு காலியானது.

இரண்டாம் பாதியில் ஆண்களுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பந்தை உருட்டிவிட்டார்கள். பந்து திரும்பி வரவில்லை. "ஏய், குடு!" "பின்னாடி ஆளு!" "தள்ளுடா!" என்று பெண்கள் கத்துவது அவர்களுக்கு அடிபட்டதுபோல இருந்தது. சந்தையில் 'அண்ணா, இன்னும் கொஞ்சம் முள்ளங்கி வைக்கவா' என்று கேட்கும் அதே வாய்கள்தான் இவை. மீன் ஏலக்காரர் மூச்சு வாங்கி நின்றார். தோஹீ அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ளினாள்.

பியோவின் உதவியாளர் ஓடி, பலகையில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு இரண்டு என்ற அட்டையை மாட்டினார். இரண்டு, இரண்டு. கூட்டம் ஆரவாரித்தது.

ஒக்சுன் மைதானத்தை விட்டு வெளியே நடந்தாள். அந்த இரண்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு ஒன்றை மாட்டினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?" தோஹீயின் குரல் கீச்சிட்டது. "சமம் அக்கா! சமமா இருந்துச்சு!"

"நீ ஒண்ணுதானே போட்ட?"

"அவங்கதானே குடுக்கறாங்க!"

"அதனாலதான்."

மெங் கோல் கம்பத்திலிருந்து கத்தினாள். "லூசு! தோத்தோம்னு வெச்சுக்க, உன் தூக்காலேயே உன்னை அடிப்பேன்!"

இப்போது ஆண்கள் சிரிக்கவில்லை. யாரும் மெதுவாகவும் ஆடவில்லை. முழங்கையெல்லாம் வந்தது. மெங் ஒரு பந்தை வயிற்றில் வாங்கினாள், இன்னொன்றை முகத்தில். அந்தப் பந்து பக்கவாட்டில் தெறித்து ஒக்சுனின் காலுக்கு வந்தது. முன்னால் ஒரே ஒரு ஆள், அவள் கணவர்.

தாக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை ஆறாக வழிந்தது. "ஜினு அம்மா," என்றார் மெல்ல, வீட்டுக் குரலில். "விடு."

"நகருடா" என்றாள் ஒக்சுன்.

அவருக்கு அது காதில் விழுந்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் தோள் வந்து சேர்ந்தது. தாக் உட்கார்ந்தார். உட்காருவதற்கென்றே வந்தவர்போல, நிதானமாக. ஒக்சுனுக்கு முன்னால் கோல் கம்பம் திறந்து கிடந்தது. அவள் காலைப் பின்னால் இழுத்தாள்.

விசில்.

"மேதகு மேயர் அவர்கள் வந்துவிட்டார்கள்!" பியோ மைக்கில் முழங்கினார். "ஆட்டம் இத்துடன் நிறைவு பெறுகிறது! அனைவரும் எழுந்து நின்று—"

ஒக்சுன் உதைத்தாள். பந்து வலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் விழுந்து உருண்டது. அதை ஊரே பார்த்தது, பலகை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு, ஒன்று.

அடுத்தது எடை. மேயருக்கு நாற்காலி போட்டார்கள். துணியை விலக்கினார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள், வயிற்றில் சோறும் தண்ணீரும், காலில் சேறும். ஒக்சுன் பூட்ஸோடு ஏறினாள். "காலணியைக் கழற்றுங்கள்" என்றார் பியோ. "இருக்கட்டும் சார், அதுவும் ஆடுச்சு" என்றாள். மெங் ஏறுவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறினாள். தேன் குரல், "தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்" என்றது. அவள் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பந்தின் வட்டம் சிவந்திருந்தது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

பியோ கணக்குப் போட்டு, சாவுச் செய்தி சொல்லும் குரலில் அறிவித்தார். "வருந்துகிறேன். சராசரி எடை ஏறியிருக்கிறது. ஆகவே செவ்வாய் மாலை நேரம், ஊரின் நீண்டகால விளையாட்டு அமைப்பான—"

அவர் முடிப்பதற்குள் இரண்டு பேர் பேனரை விரித்துவிட்டார்கள். காற்றில் தாக்கின் முகம் உப்பி அடங்கியது.

மேயர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். "அடேயப்பா, சாயமே காஞ்சிருக்கே. இவ்வளவு சுறுசுறுப்பா?"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஒக்சுன் முன்னால் வந்தாள்.

"சார், அந்த நேரம் எந்தத் திட்டத்தோடது?"

பியோ நிமிர்ந்தார். திட்டத்தின் பெயரைச் சொல்லும் வாய்ப்பை அவர் விட்டதே இல்லை. "உடல் பருமன் கட்டுப்பாட்டு எழுச்சித் திட்டம்."

"யாரு எடுத்தாலும் அந்தத் திட்டந்தானே?"

"நிச்சயமாக. நிதி அதற்கென ஒதுக்கப்பட்டது."

"அப்போ அவங்களையும் ஏத்துங்க. அவங்களுக்கும் குறையணும்ல?"

விடியல் கழகத்தார் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு மெங், "ஏறுங்க மாப்பிள்ளைகளா, வெக்கப்படாதீங்க" என்றாள். மேயர் தொடையைத் தட்டிச் சிரித்தார். தேர்தல் பக்கத்தில் இருந்தது, பெண்கள் கூட்டம் அதிகமாக இருந்தது. "நியாயந்தானே? ஏறட்டும் பியோ."

மீன் ஏலக்காரருக்குக் கைப்பேசியில் யாரோ அழைத்தார்கள், மணி அடிக்காமலேயே. ஒருவருக்குக் கால் சுளுக்கியது. பேனரைப் பிடித்திருந்த இருவரும் அதன் பின்னால் மறைந்தார்கள். ஆனால் தலைவர் ஓட முடியாது. அட்டையில் அது பெரிய எழுத்தில் இருந்தது.

தாக் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறினார். மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை நெஞ்சுக்குள் தள்ளி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்."

மைதானம் வெடித்துச் சிரித்தது. தாக்கும் சிரிக்கப் பார்த்தார், எல்லாரையும்விடச் சத்தமாக. அது வரவில்லை. காது மடல் சிவந்து, கால் விரல்களை மடக்கிக்கொண்டார். அந்த விரல்களை ஒக்சுன் பார்த்தாள். பருவத்தின் நடுவில் ஒரு நாள் மெங் அக்காவின் விரல்களும் இப்படித்தான் மடங்கின. தன்னுடையவையும்.

இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருந்தால் போதும், அவள் முழுதாக ஜெயித்திருப்பாள். சிவப்புக் குழம்புக்கு அது சரியான விலைதான்.

அவள் பந்தலின் ஓரத்துக்குப் போய், இயந்திரத்தின் வயரைப் பிடுங்கினாள். "தயவுசெய்து ஒரு—" என்று அது மறுபடி ஆரம்பித்து நின்றது.

"போதும்" என்றாள். "இனிமே யாரும் ஏற வேணாம்."

"அம்மா, அது அரசுச் சொத்து!" என்றார் பியோ. "எடை இல்லாமல் முடிவு இல்லை. முடிவு இல்லாமல், நோக்கம் இல்லாமல் மைதானத்தை எவருக்கும் ஒதுக்க இயலாது. நிதியைத் திருப்பி அனுப்ப நேரும்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. செலவழியாத நிதியைத் திருப்பி அனுப்புவதைவிட, ஆண்டுக் கணக்கு முடியும் டிசம்பரில் நல்ல நடைபாதையைத் தோண்டிப் புதுக்கல் பதிப்பவர்கள் இந்த அதிகாரிகள்.

மேயர் ஒக்சுனைப் பார்த்தார். "எடைக்கு இல்லைன்னா பின்ன எதுக்கும்மா வர்றீங்க?"

முதல் நாள் வரிசையில் கேட்ட அதே கேள்வி. ஒக்சுன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ஜெயிக்க" என்றாள்.

பியோ கனிவாகக் குறுக்கிட்டார். "பெண்களுக்கான நோக்கங்களில் அப்படியொன்று இல்லையம்மா. உடல் நலம், மன நலம், குடும்ப நலம்—"

"அந்தப் பந்து உள்ள போச்சு சார். எல்லாரும் பாத்தீங்க. நீங்க விசில் ஊதினதால கணக்குல வரல, சரி, நாங்க தோத்துட்டோம். வர்ற செவ்வாய்க்கிழமை இதே ஆளுங்க வரட்டும். ஒரு கோலுக்கு ஒரு கோல். அவங்க ஜெயிச்சா பேனரை நாங்களே கட்டித் தர்றோம். நாங்க ஜெயிச்சா யாரும் எங்களை ஏன் வர்றீங்கன்னு கேக்கக் கூடாது."

மேயர் கூட்டத்தை ஒரு தடவை அளந்து பார்த்தார். "அருமை. நானே வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன். தாக், சரிதானே?"

மேயர் கேட்டு இல்லை என்று சொன்ன கழகத் தலைவர் ஹேசனில் இன்னும் பிறக்கவில்லை. தாக் இயந்திரத்தின் மேலேயே நின்றபடி தலையாட்டினார். இறங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

வீட்டில் தாக், அவள் வயரைப் பிடுங்கியதற்கு நன்றி சொல்லவில்லை, 'நகருடா'வைப் பற்றியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியல் ஆட்டத்துக்குப் போனவர், சூப்புக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார். கழக வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. மதியம் சோற்றுக் கிண்ணத்தைப் பாதியில் நகர்த்தி வைத்தார். திங்கட்கிழமை காலை கடை திறக்குமுன் ஆற்றோரத்தில் அவர் ஓடுவதை மெங் அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "நிஜமாவே ஓடறான்டி. நட்புக்கு ஓடறவன் மூஞ்சி மாதிரி இல்ல அது."

ஒக்சுன் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். கத்தி ஒரு கணம் நின்றது.

மாலை தாக் கடையடைத்து வந்தார். மேசையில் அவருக்கு வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் போதும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்தது. உள்ளே மேசை நடுவில் பெரிய பெட்டி, மூடி திறந்திருந்தது. மொறுமொறுவென்று, எண்ணெய் இன்னும் சிணுங்க, தாராளமாக உப்புத் தூவிய சாதாக் கோழி. அவருக்குப் பிடித்தது அதுதான்.

"என்ன இது, ஜினு அம்மா?"

"கோழி. பாத்தா தெரியல?"

தாக் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"வாடிப் போயிட்டீங்களேன்னு வாங்கிட்டு வந்தேன்" என்று ஒக்சுன் பெட்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள். "சாப்பிடுங்க. சூடா இருக்கு."